பத்தடி உயரத்து வளையம்

யாழ்ப்பாணத்தவர் உயரத்தை விரும்பாதவர் என்று எவரும் கூறிவிட முடியாது. நல்லூர்க் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிக் கைகூப்புகின்றோம். வளவின் எல்லையில் நிற்கும் பனை நெடிதாக நெடிதாக அதன் வயதையும் வைரத்தையும் மதித்துப் பேசுகின்றோம். உயர்வு என்ற சொல்லே எமது மொழியிற் சிறப்பின் மறுபெயராக வழங்கி வருகின்றது. உயர்கல்வி, உயர்பதவி, உயர்குணம் என்று நாம் போற்றுவன யாவும் அச்சொல்லை முன்னே நிறுத்தியே வருகின்றன. ஆயின், அவ்வுயரம் ஒரு பெண்பிள்ளையின் உடம்பில் வந்து அமருமாயின் சொல் உடனே நிறம் மாறிவிடுகின்றது. உயர்வு நெட்டையாகின்றது, பனை பட்டப்பெயராகின்றது, கொக்கு, ஏணி, தந்திக்கம்பம் என்று உவமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. அணியிலக்கணம் பயிலாதவர்கூட இவ்விடத்தில் அணிவல்லுநராகிவிடுகின்றார்.

இக்கட்டுரை அத்தகைய உவமைகளுக்கிடையே வளர்ந்து, உலக அரங்கிற் புகழ்பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றியது. அவர் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம். வலிகாமத்துச் செம்மண் பூமியிலே, புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த ஈவினை என்னும் கிராமத்திற் பிறந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். எமது பழைய கணக்கில் ஆறடி பத்தங்குலம். உலக வலைப்பந்தாட்டத்தில் அவரிலும் உயரமானவர் இலர் என்று பேசப்பட்டவர். விளையாட்டுச் செய்தியாளர் அவரது சாதனைகளைப் பலமுறை எழுதிவிட்டனர். அவற்றை மீண்டும் அடுக்குவது எனது நோக்கமன்று. ஓர் உடம்பைச் சமூகம் எவ்வாறு வாசிக்கின்றது, அவ்வாசிப்பை அவ்வுடம்புக்குரியவர் எவ்வாறு திருத்தி எழுத முடிகின்றது என்பதே நான் சிந்திக்க விரும்பும் பொருள்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1891ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுவதற்கென ஒரு விளையாட்டை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் அறைந்தார். அவ்விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. தற்செயலாக அமைந்த அப்பத்தடியே இன்றுவரை மாறாத விதியாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அவ்விளையாட்டு இங்கிலாந்திலே பெண்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியம் கற்பித்த ஒரு கல்லூரியைச் சென்றடைந்தது. நிலம் தொடும் பாவாடை அணிந்த பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் இயலாது. இயன்றாலும் அக்காலத்துப் பெரியோர் அதை விரும்பார். எனவே ஓட்டம் நீக்கப்பட்டது. பந்தைப் பற்றியவர் நின்ற இடத்திலிருந்தே அடுத்தவருக்கு எறிதல் வேண்டும் என்றாயிற்று. களம் பிரிக்கப்பட்டு, இன்னார் இன்ன பகுதியினுள்ளேயே ஆடலாம் எனக் கோடுகள் வரையப்பட்டன. கூடைப்பந்தாட்டத்தின் மகளாகிய வலைப்பந்தாட்டம் இவ்வாறு பிறந்தது. பெண்ணின் உடையும் அடக்கமும் பற்றிய கவலையே அதன் இலக்கணத்தை எழுதிற்று எனினும் மிகையாகாது.

இவ்விளையாட்டின் வரலாற்றில் எமது தீவுக்கும் ஓர் இடமுண்டு. ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்குவதற்கு நாடுகளின் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டில் இலங்கையிலேயே கூடினர். சர்வதேச சம்மேளனமும் அவ்விடத்திலேயே தோற்றம் பெற்றது. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியில் இலங்கை அணியும் ஆடியது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970வரை இவ்விளையாட்டின் பெயரே பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்பதுதான்.

யாழ்ப்பாணத்துப் பெண்களில் இவ்விளையாட்டை அறியாதவர் அரியர். எமது கிராமத்துப் பாடசாலையிலும் ஒரு வலைப்பந்துக் களம் இருந்தது. மாரி முடிந்து இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தங்கள் தொடங்கும்போது செம்மண்ணின்மேல் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றும். வலையில்லாத இரும்பு வளையம் ஒன்று, சற்றே சாய்ந்த கம்பமொன்றின் உச்சியில் நிற்கும். அவ்வளையத்தை நோக்கிப் பந்தெறியாத யாழ்ப்பாணத்து மாணவி இலள் என்றே கூறலாம். ஆயினும் பெரும்பாலோருக்கு அது க.பொ.த. சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். அதன்பின் ரியூசன் வகுப்புக்களும் பெரியபிள்ளை என்ற பெயரும் வந்து களத்தை மூடிவிடும்.

தர்ஜினி பாடசாலை சென்ற காலம் போர்க்காலம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்ததை எமது தலைமுறையினர் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்துள்ளோம். உயிர் தப்புவதே பெரும்பாடாயிருந்த காலத்தில் ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைக்கு விளையாட்டுத்துறை என்று ஒன்று இருந்திருக்க வழியில்லை. தமது உயரத்தினாற் கேலிக்குள்ளானதையும், வெளியே செல்லவே தயங்கியதையும் அவரே செவ்விகளிற் கூறியுள்ளார். அவரது வாழ்விற் திருப்பம் நிகழ்ந்தது மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்திலே. பட்டப்படிப்புக்கெனச் சென்ற இடத்திலேதான் அவர் வலைப்பந்தாட்டத்தை முறையாகக் கையிலெடுத்தார். பல்கலைக்கழகம் பாடத்தைக் கற்பிப்பதோடு, தன்னை அறியாத ஊரில் ஒருவர் தம்மைப் புதிதாகத் தொடங்குவதற்கும் இடமளிக்கின்றது. ஊரிற் பட்டப்பெயராயிருந்தது வந்தாறுமூலையில் தகுதியாயிற்று. இதனை வாசிக்கும் மாணவர்களாகிய நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி இது.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் சிறிது கூறுதல் பொருந்தும். எனது உயரம் ஐந்தடி பத்தங்குலம். தர்ஜினிக்கு ஓரடி குறைவு. ஆயினும் எமது ஊரில் அதுவே போதுமான குற்றம். பன்னிரண்டு வயதிலேயே தாயாரின் தோளைக் கடந்துவிட்டேன். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை, இனியும் வளராதை. உனக்கு மாப்பிளையை எங்கை போய்த் தேடுறது?" என்பார். அன்பாற் கூறியதே, ஆயினும் வளர்வதும் நிற்பதும் என் வசத்தில் இருப்பதுபோன்று அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. நான் கற்ற பாடசாலையில் நடனக் குழுவிலிருந்து என்னை விலக்கியபோது கூறப்பட்ட காரணம், "வரிசை பிசகுது" என்பதாகும். வகுப்புப் படங்களில் நான் எப்போதும் பின்வரிசை. மினிபஸ்ஸின் கூரை தலையில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் எவரேனும் சிரிப்பார். இவற்றிற்கெல்லாம் விடையாக என் முதுகு தானாகவே வளையக் கற்றுக்கொண்டது. கூனி நடக்கும் பெண்பிள்ளையை அடக்கமானவள் என்று மெச்சுவதற்கும் எமது ஊரில் ஆளுண்டு.

2018 செப்டெம்பரில் நான் ஆண்டு பத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 69க்கு 50 என்ற கணக்கிற் சிங்கப்பூரை வென்றது. 2009க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிண்ணம் மீண்டது. ஊர் வாசிகசாலையில் விரிந்து கிடந்த பத்திரிகையில் அணியின் படம் வந்திருந்தது. மற்றைய வீராங்கனையர் தோளளவில் நிற்க, அவர் நடுவே நிமிர்ந்து நின்றார். எவரது வசதிக்காகவும் அவர் குனிந்திருக்கவில்லை. என் கண் முதலிற் சென்றது கிண்ணத்தின் மேலன்று. அவரது முதுகின் மேலே. அருகிலிருந்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, "எங்கடை பக்கத்துப் பிள்ளையெல்லோ!" என்றார். அவர் குரலில் இருந்த பெருமிதம் உண்மையானது. ஆயினும் அதே பெரியவர் அதற்கு முந்திய கிழமை என்னைக் கண்டு, "என்ன பிள்ளை, பனையோடை போட்டியோ?" என்று கேட்டிருந்தார். இரண்டு கூற்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இரண்டிலும் கபடம் இல்லை. அவற்றிற்கிடையில் இருந்த வேறுபாடு ஒரு கிண்ணம் மாத்திரமே.

இவ்வேறுபாடு என்னை நெடுநாள் உறுத்திற்று. உயரம் வென்றபின் ஏற்கப்படுகின்றது; வெறும் உயரமாக இருக்கும்போது இகழப்படுகின்றது. அவ்வாறாயின், பந்தெறியத் தெரியாத உயரமான பெண் என்ன செய்வாள்? கிண்ணம் வாங்காத உடம்புக்கு நிமிர்ந்து நிற்கும் உரிமை இல்லையா?

இக்கேள்வியை எமது ஊரோடு நிறுத்திவிடாது சற்று வெளியே நோக்குதல் பயன்தரும். பிரான்சில் 2004ஆம் ஆண்டு பிறந்த விக்ரர் வெம்பன்யாமா என்னும் கூடைப்பந்தாட்ட வீரரின் உயரம் ஏறத்தாழ 224 சென்ரிமீற்றர். தந்தை முப்பாய்ச்சல் வீரர். தாய் கூடைப்பந்தாட்டம் ஆடியவரும் பயிற்றுவித்தவருமாவார். பத்து வயதளவிலேயே நான்ரேர் என்னும் கழகத்தின் இளையோர் பிரிவிற் சேர்ந்து, பதினைந்து வயதில் தொழில்முறை ஆட்டத்திற் காலடி வைத்தார். 2023 ஜூனில் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் வீரர் தேர்வில் சான் அன்ரோனியோ கழகம் அவரை முதலாவது வீரராகத் தெரிவு செய்தது. மறு ஆண்டு, வாக்களித்த அனைவரும் ஒருமித்து அவரைச் சிறந்த புதுமுக வீரராகத் தேர்ந்தனர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சு வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது இருபது.

இரண்டு நெடிய உடம்புகள், இரண்டு பாதைகள். அங்கே ஒரு சிறுவன் வளர வளரக் கழகமும் பயிற்றுநரும் வைத்தியரும் அவனைச் சூழ்ந்து நின்றனர். இங்கே ஒரு சிறுமி வளர வளரக் கேலி அவளைச் சூழ்ந்தது. அங்கே பத்து வயதிற் தொடங்கியது இங்கே பல்கலைக்கழகம் புகுந்தபின் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் இயல்பிலேயே நல்லோர், நாம் தீயோர் என்பது இதன் பொருளன்று. அங்கே உயரத்துக்கென ஒரு தொழில் இருந்தது. தொழிலுக்கென ஒரு சந்தை இருந்தது. அச்சந்தைக்கும் ஒரு கொடுமையுண்டு. 2025 பெப்ரவரியில் தோட்பட்டையில் இரத்தக்கட்டி கண்டறியப்பட்டு வெம்பன்யாமா அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தபோது, ஓர் இளைஞனின் உடல்நலத்தைப் பற்றிய கவலையோடு அணியின் எதிர்காலக் கணக்கும் சேர்ந்தே பேசப்பட்டது. இகழ்ச்சி ஒருவரை உயரமாக மாத்திரமே காண்கின்றது; சந்தையும் அவ்வாறே காண்கின்றது. முன்னது விலையில்லை என்கிறது, பின்னது விலை குறிக்கின்றது. மனிதனை முழுமையாகக் காணாமையில் இரண்டும் உறவினரே.

தர்ஜினியை உயரத்தால் மாத்திரம் விளக்க முயல்வோரும் இத்தவற்றையே செய்கின்றனர். "அந்த உயரத்துக்கு ஆர்தான் போடமாட்டினம்?" என்று கேட்பவரை நான் கண்டிருக்கின்றேன். வலைப்பந்தாட்டத்தை அறிந்தவர் இவ்வாறு கேளார். வளையம் பத்தடியில், அதாவது 305 சென்ரிமீற்றரில் உள்ளது. அவரது உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையே இன்னும் ஏறத்தாழ ஒரு மீற்றர் வெளியுண்டு. கூடைப்பந்தாட்டத்திற் போலப் பந்து பட்டுத் தெறித்து விழுவதற்குப் பின்பலகை இங்கு இல்லை. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. மூன்றடி தள்ளி ஒரு காவலாளி கையை உயர்த்தி நிற்பார். இவ்வளவுக்கும் இடையில் தவறாது எறிவது உடம்பின் கொடையன்று, மணிக்கட்டின் கல்வி. நூறுமுறை எறிந்து நூற்றோராவது முறையும் அவ்வாறே எறியப் பழகியவருக்கே அது வாய்க்கும். 2011இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியிற் சிறந்த எறிவீராங்கனை எனப் பாராட்டப்பட்டவர் அவர். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் 348 கோல்களைப் பெற்று, உலகின் புகழ்பெற்ற வீராங்கனையர் அனைவரையும் கடந்து முதலிடத்தில் நின்றார். அப்போது அவர் நாற்பதையொட்டிய வயதினர். பிந்தித் தொடங்கியவர் முந்தி முடித்துவிடவில்லை.

எனினும் அதே போட்டியில் இலங்கை அணி பதினாறு அணிகளுள் பதினைந்தாவதாகவே வந்தது. சிங்கப்பூரை 88க்கு 50 என்று வென்றபோதும் பெரிய அணிகளிடம் தோல்வியே கிடைத்தது. இம்முரண் எனக்கு மிகுந்த பொருளுடையதாகத் தோன்றுகின்றது. வலைப்பந்தாட்டத்தில் எழுவர் ஆடுவர். கோல் எறியும் உரிமை இருவருக்கே உண்டு. அவ்விருவரும் வளையத்தைச் சூழ்ந்த அரைவட்டத்தினுள் நின்றே எறிதல் வேண்டும். பந்தோடு ஓடுதல் எவருக்கும் ஆகாது. எனவே, அரைவட்டத்தினுள் நிற்பவர் உலகிலேயே உயரமானவராயினும், களத்தின் மறுமுனையில் ஒருத்தி பந்தைப் பறித்து, நடுவில் இன்னொருத்தி ஏந்தி, ஓரத்தில் மற்றொருத்தி உயர எறிந்தாலன்றி அவர் கைக்குப் பந்து வராது. 348 கோல்களின் பின்னே 348 முறை பந்தை உயர எறிந்த கைகள் உள்ளன. அக்கைகளுட் பெரும்பாலானவை சிங்களப் பெண்களுடையவை. போர் முடிந்து சில மாதங்களே கழிந்திருந்த 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த ஒரு தமிழ்ப்பெண் வளையத்தின் கீழ் நின்றார் என்பதை எண்ணிப் பார்க்கின்றேன். இதனைக் கொண்டு இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டது எனக் கூறுவோர் எம்மை ஏமாற்றுகின்றனர். ஒரு பந்து பல காயங்களை ஆற்றாது. ஆயினும், பந்து வரும் என்ற நம்பிக்கையோடு ஒருவர் கையை உயர்த்தி நிற்பதும், அக்கையை நோக்கி மற்றவர் எறிவதும் சிறிய செயல்கள் அல்ல.

அவரது தொழில்வாழ்க்கை பணமழை பொழிந்த வாழ்க்கையன்று. எமது நாட்டில் வலைப்பந்தாட்டம் சோறு போடாது. வீராங்கனையர் பலர் வங்கிகளிற் பணிபுரிந்துகொண்டே வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடுவர். தர்ஜினியும் செலான் வங்கி அணிக்காக ஆடியவர். பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிற் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகத்துக்காக ஆடி, கடல் கடந்து கழக ஆட்டத்துக்குச் சென்ற இலங்கை வீராங்கனையருள் முன்னோடியானார். நாடு அழைத்தபோதெல்லாம் மீண்டு வந்தார். 2022இல் சிங்கப்பூரை 63க்கு 53 என வென்று இலங்கை ஆறாவது முறையாக ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது; அவ்வணியிலும் அவர் இருந்தார். 2023இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணத்திலும் ஆடினார். ஆசியக் கிண்ணங்களையே எல்லையாகக் கொண்டாலும், 2009 முதல் 2022 வரையான பதின்மூன்று ஆண்டுகள் ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு நெடிய காலமாகும். ஈவினையிலிருந்து வந்தாறுமூலை, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து மெல்பேண் என நீண்ட இப்பாதையில் ஒரு நிலையமேனும் யாழ்ப்பாணத்தில் அமையவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அவரை நாம் பெற்றோம், வளர்த்தவர் பிறர்.

தர்ஜினியின் வரலாற்றை ஒரு வெற்றிக் கதையாக மாத்திரம் கூறி முடிப்பது எளிது. கேலி செய்தார்கள், உழைத்தார், வென்றார் என்று மூன்று வாக்கியங்களிற் சொல்லிவிடலாம். மாணவியர் மன்றக் கூட்டங்களில் அவ்வாறே சொல்லப்படுகின்றது. ஆனால் அவ்வாறு சொல்லும்போது, கேலிக்கு விடை கூறும் பொறுப்பைக் கேலிக்குள்ளானவர் மேலேயே சுமத்திவிடுகின்றோம். நீயும் வென்று காட்டு, அப்போது மதிப்போம் என்பதே அதன் உட்பொருள். கறுப்பாகப் பிறந்தவள் பரீட்சையில் முதலிடம் பெறவேண்டும். கால் ஊனமுற்றவன் கவிஞனாக வேண்டும். நெட்டைப் பெண் உலகக் கிண்ணத்தில் ஆடவேண்டும். சாதாரணமாக இருப்பதற்குச் சாதாரணமானவர்களுக்கு மாத்திரமே உரிமை என்றாகிவிடுகின்றது. இது நீதியன்று.

எங்கள் பீடத்தில் என்னோடு பயிலும் தோழி ஒருத்தி என்னிலும் ஓரங்குலம் உயரமானவள். அவளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை. பந்தைக் கண்டால் விலகிக்கொள்வாள். வரலாற்றை விரும்பிக் கற்கின்றாள். மாலையில் நூலகத்திலிருந்து இறுதியாக வெளியேறுபவர்களுள் ஒருத்தி. அவளைக் காண்போர், "நீர் ஏன் நெற்போல் விளையாடேல்லை? உந்த உயரம் வீணாய்ப் போகுதே!" என்று கேட்கின்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னராயின் அவளைக் கண்டு சிரித்திருப்பர், இப்போது குறைப்படுகின்றனர். இது முன்னேற்றந்தான், தர்ஜினி பெற்றுத்தந்த முன்னேற்றம். ஆயினும் பாதை இன்னும் பாதியிலேயே நிற்கின்றது. அதற்கு அவள் ஒருநாள் அளித்த விடையை இங்கே எழுதிவிடுகின்றேன். "வீணாய்ப் போகேல்லை அக்கா. மேல்தட்டுப் புத்தகம் எனக்குத்தான் எட்டும்" என்றாள். கேட்ட அக்கா சிரித்தார், தோழியும் சிரித்தாள். அப்போது அவள் நிமிர்ந்தே நின்றாள்.